பத்திரிகை, வலை வடிவமைப்பு, இப்போது டிவி செட்: மூன்றும் ஒரே ஆளுக்குச் சேருமா?

ஓரப்பத்தி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நான் முதலில் நாளிதழ் நிருபர். பிறகு டெஸ்க்கில் உதவி ஆசிரியர். அங்கிருந்தே பக்க வடிவமைப்புக்கும் வந்துவிட்டேன், ஏனென்றால் ராத்திரி ஷிஃப்டில் லேஅவுட் ஆள் வராத நாளில் யாராவது குவார்க் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைத் திறந்து பக்கத்தை முடித்தாக வேண்டும், அந்த யாராவது பெரும்பாலும் நான்தான். பத்திரிகைக்கு இணையதளம் தொடங்கியபோது அந்தப் பக்கம் போனவள் அப்படியே வலை வடிவமைப்பில் தங்கிவிட்டேன். அட்டவணைக்குள் அட்டவணை போட்டு இணையப் பக்கம் கட்டிய காலத்திலிருந்து கைபேசித் திரையை முதலில் யோசிக்கும் காலம் வரை எல்லாம் பார்த்தாயிற்று.

இப்போது ஒரு செய்தி சேனலின் ஆர்ட் டிபார்ட்மென்ட்டில் உதவி செட் டிசைனராக வரச் சொல்கிறார்கள். தேர்தல் முடிவு நாளுக்கு அவர்களின் பெரிய திரையில் ஓடிய வடிவமைப்பை வெளியிலிருந்து செய்துகொடுத்திருந்தேன், அதைப் பார்த்து வந்த அழைப்பு. எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் சம்பளம் குறைகிறது, வயது நாற்பதை நெருங்குகிறது, மேலே இருக்கப்போகிறவர் என்னைவிடச் சின்னவர்.

பழைய அனுபவம் அங்கே உண்மையிலேயே கைகொடுக்குமா, இல்லை ஆறுதலுக்காக நான் அப்படி நினைத்துக்கொள்கிறேனா? செட் வேலையில் முதலில் எதைக் கற்க வேண்டும்? அப்புறம், வேலைக்கு எடுப்பவர்கள் "எதிலும் நிலைக்காதவர்" என்று ஒதுக்கிவிடாதபடி இந்தக் கதையை எப்படிச் சொல்வது?


பலகைக்காரன் எழுதியது:

தச்சுப் பட்டறையிலிருந்து செட் வேலைக்கு வந்தவன் நான், அதனால் நேராகவே சொல்கிறேன் அம்மா. திரையில் வரைவது வேறு, நிற்கவைப்பது வேறு.

ஃபிளாட் என்று நாங்கள் சொல்வது மரச்சட்டத்தின் மேல் பிளைவுட் அடித்த சுவர். முன்னாலிருந்து பார்த்தால் வீடு, பின்னால் போனால் முட்டும் எடைக்கட்டியும். யாராவது சாய்ந்தால் அது விழக்கூடாது. நடிகர் கோபத்தில் கதவை அறைந்து சாத்தினால் சுவர் ஆடக்கூடாது, ஆடினால் அந்த நொடியே பார்ப்பவருக்கு வீடு பொய் என்று தெரிந்துவிடும். பட்டறையில் செய்தது ஸ்டுடியோ கதவுக்குள் நுழைய வேண்டும், அடுத்த நிகழ்ச்சிக்கு இடம் விட ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்ற வர வேண்டும், மறுபடி பூட்டும்போது இணைப்பு தெரியக்கூடாது. மேலே லைட் கிரிட் (விளக்குகளைத் தொங்கவிடும் கம்பிச்சட்டம்) எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கேபிள் எந்தப் பக்கம் வருகிறது, தொங்கும் துணி தீப்பிடிக்காத வகையா, தீப்பிடித்தால் ஆட்கள் எந்த வழியாக வெளியேறுவார்கள்? இதையெல்லாம் டிசைனர் வரைபடத்திலேயே தீர்க்க வேண்டும். பட்டறைக்கு வந்தபின் தீர்க்கலாம் என்று நினைத்தால் எங்கள் தலையில்தான் விழும்.

முதலில் ஃப்ளோர் பிளான் வரையக் கற்றுக்கொள்ளுங்கள். 1:50 அளவில் தரைப்படம், பிறகு ஒவ்வொரு சுவருக்கும் எலிவேஷன் (நேராக நின்று பார்த்தால் தெரியும் படம்), முடிந்தால் 1:25 அளவில் அட்டை மாடல். கணினியில் முப்பரிமாணமாகச் சுழற்றிக் காட்டும் படத்தை வைத்துக்கொண்டு தச்சர் அளவு எடுக்க முடியாது. கேமரா எங்கே நிற்கும், எந்த லென்ஸ், அதன் பார்வைக் கோணம் எவ்வளவு என்பதையும் அந்தத் தரைப்படத்திலேயே கோடு போட்டுக் காட்ட வேண்டும். அந்தக் கோட்டுக்கு வெளியே ஒரு பலகைகூட வேண்டாம், உள்ளே ஓர் அங்குலம்கூடக் காலியாக இருக்கக்கூடாது.

உதவியாளராகப் போவதில் எந்தக் குறையும் இல்லை. கீழிருந்து தொடங்குகிறோம் என்று மனதார ஏற்றுக்கொண்டு போனால் வேலை உங்களிடம் வரும்.


மாலைப்பதிப்பு எழுதியது:

நானும் இதே வழியில் வந்தவன், அதே வரிசையில். நிருபர், டெஸ்க், வலை, இப்போது செட். அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போக மனமில்லை.

பலகைக்காரன் அண்ணன் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று இருக்கிறது, அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நிருபராக இருந்தபோது எத்தனை இடங்களில் காத்துக்கிடந்திருப்பீர்கள்? காவல் நிலையம், நீதிமன்ற வராந்தா, ஆஸ்பத்திரி, அதிகாரியின் அறைக்கு வெளியே போட்டிருக்கும் பெஞ்சு. அந்த இடங்கள் எப்படி இருக்கும் என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும். சுவரில் பெயிண்ட் எங்கே தேய்ந்திருக்கும் என்றால் பெஞ்சில் உட்கார்பவர்களின் தலை படும் உயரத்தில். சுவிட்சைச் சுற்றி விரல் கறை இருக்கும். ஃபைல்கள் அலமாரியில் அழகாக நிற்காது, அலமாரி நிரம்பி அதன் மேலே ஏறி, பிறகு தரைக்கு வந்திருக்கும். மேலதிகாரியின் நாற்காலியில் துண்டு கிடக்கும், மற்றவர்களுடையதில் கிடக்காது. தொடர்களில் வரும் காவல் நிலையத்தைப் பாருங்கள்: எல்லா மேசையும் ஒரே நிறம், எல்லா ஃபைலும் ஒரே கடையில் நேற்று வாங்கியது. அந்த அறைக்குள் யாரும் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை என்று உடனே தெரிந்துவிடுகிறது. அந்தக் குறையை நிருபராக அலைந்தவரால் தீர்க்க முடியும். இதை எந்த வடிவமைப்புப் பள்ளியிலும் ஒரு பாடமாக வைத்து முழுதாகச் சொல்லித்தர முடியாது.

செய்தி ஸ்டுடியோவுக்கு இது இன்னும் பொருந்தும். செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே விருந்தினர் மாறுவார், நிருபர் பெரிய திரைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார், முக்கியச் செய்தி வந்தால் ஒழுங்கு மொத்தமும் குலையும். அந்த அவசரம் எப்படி இருக்கும் என்று அறியாதவர் வரையும் ஸ்டுடியோ மேசை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் விளம்பர இடைவேளைக்குள் விருந்தினரை உள்ளே கொண்டுவந்து மைக் மாட்டி உட்காரவைக்க வழி இருக்காது. நீங்கள் அந்த அவசரத்துக்குள்ளேயே இருந்தவர்.

வலையிலிருந்து என்ன வரும் என்று கேட்டால், ஒரே பொருளைப் பல அளவில் யோசிக்கும் பழக்கம். 2010-ல் ஈதன் மார்காட் ரெஸ்பான்சிவ் வடிவமைப்பு பற்றி எழுதியபிறகு நாம் எல்லாரும் ஒரே பக்கத்தைச் சின்னத் திரை, நடுத்தரத் திரை, பெரிய திரை என்று பழகினோம் இல்லையா? செட்டிலும் அதே சோதனைதான். வைட் ஷாட்டில் முழுச் செட்டும் தெரியும், நடுத்தர ஷாட்டில் மேசையும் இரண்டு பேரும், க்ளோஸ்-அப்பில் ஆங்கரின் தலைக்குப் பின்னால் மங்கலாக ஒரு துண்டு சுவர். நேரத்தைக் கணக்கிட்டால் ஒளிபரப்பில் பெரும்பகுதி அந்தத் துண்டுச் சுவர்தான். ஆனால் காசும் கவனமும் வைட் ஷாட்டுக்கே போகின்றன, ஏனென்றால் முதலாளிக்குக் காட்டும் படம் அது. நான் எப்போதும் க்ளோஸ்-அப்பை முதலில் வரைந்துவிட்டு அதிலிருந்து வெளியே வருகிறேன். அது வலைக்காரனின் புத்தி, கைபேசியை முதலில் வரைபவனுடையது.

இனி மாறாத வித்தியாசம். இணையப் பக்கத்தில் பிழை இருந்தால் வெளியிட்டபின்பும் திருத்தலாம். அச்சில் மறுநாள் திருத்தம் போடலாம். நேரலை தொடங்கியபின் சுவரின் நிறத்தை மாற்ற முடியாது. அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிட்ட ரிச்சர்ட் நிக்சனும் ஜான் கென்னடியும் 1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோவில் தொலைக்காட்சியில் விவாதித்தார்களே, அதில் பின்னணி சாம்பல், நிக்சன் போட்டிருந்த சூட்டும் வெளிர் சாம்பல். கறுப்பு வெள்ளைத் திரையில் அவர் சுவரோடு கரைந்துபோனார். கென்னடியின் கருஞ்சூட் தனியாக எடுத்து வைத்ததுபோல் நின்றது. செட்டும் உடையும் ஒன்றையொன்று பார்க்காமல் முடிவானால் இப்படித்தான் ஆகும்.


கட்டம்16 எழுதியது:

அந்த விவாதத்தை வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் ஜெயித்தார் என்றார்களாம், டிவியில் பார்த்தவர்கள் கென்னடி என்றார்களாம். வடிவமைப்புக்கு எவ்வளவு பலம் என்று காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

ஓரப்பத்தி அக்கா, நானும் வலை ஆள். என் கருத்து: பிளைவுட் பக்கம் போகவே வேண்டாம். மெய்நிகர் செட், அதாவது கணினியிலேயே வரையும் செட் பக்கம் போங்கள். அன்ரியல் எஞ்சின் என்ற முப்பரிமாண மென்பொருளைக் கற்றுக்கொண்டால் பச்சைத் திரைக்கு முன்னால் ஆளை நிறுத்திவிட்டு எந்த அரங்கத்தையும் பின்னால் கொண்டுவரலாம். நமக்குத் தெரிந்த கணினி, நமக்குத் தெரிந்த வேகம். பட்டறைக்காக ஏன் காத்திருக்க வேண்டும்?


மாலைப்பதிப்பு எழுதியது:

தம்பி, அந்த வானொலிக் கதையை மட்டும் ஜாக்கிரதையாக எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் ஒரே ஒரு நிறுவனத்தின் கருத்துக்கணிப்பை நம்பி நிற்பது, அதில் வானொலி கேட்டவர்களின் எண்ணிக்கை ரொம்பக் குறைவு, அவர்கள் யார் எந்த ஊர் என்பதும் சரியாகப் பிரித்துப் பார்க்கப்படவில்லை. ஆய்வாளர்கள் பலர் இதைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். சாம்பல் சூட் சாம்பல் சுவரில் கரைந்தது படத்திலேயே தெரிகிறது, நமக்கு அது போதும். அதற்கு மேல் ஏற்றினால் நம் வாதம்தான் பலவீனமாகும்.


பலகைக்காரன் எழுதியது:

கட்டம்16 எழுதியது: "பட்டறைக்காக ஏன் காத்திருக்க வேண்டும்?"

மெய்நிகர் செட்டில் நானும் வேலை செய்திருக்கிறேன், விரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆள் தரையைத் தொடும் இடத்தைப் பாருங்கள். காலுக்குக் கீழே நிழல் சரியாக விழாவிட்டால் ஆள் மிதப்பார். மேசையில் கை ஊன்ற வேண்டும் என்றால் அங்கே உண்மையாக ஒரு மேசை வேண்டும், அதையும் பச்சையில் செய்ய நாங்கள்தான் வருவோம். பச்சைச் சுவரிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் முடி ஓரத்திலும் தோளிலும் ஏறும், அதற்கு ஆளைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்த வேண்டும், அதற்கு இடம் வேண்டும். பச்சைப் புடவையோ சட்டையோ போட்டுக்கொண்டு விருந்தினர் வந்தால், பச்சை இருக்கும் இடமெல்லாம் கணினி பின்னணியைப் போட்டுவிடுவதால் உடம்பே காணாமல் போகும். கேமரா நகர்ந்தால் பின்னணியும் அதே அளவு நகர வேண்டும், அதற்கு கேமராவின் நகர்வை அளக்கும் டிராக்கிங் கருவி. இதெல்லாம் சேர்ந்தால் அதற்கும் ஒரு பட்டறை அளவுக்கு வேலை இருக்கிறது தம்பி.

எதைச் செய்தாலும் தரையையும் வெளிச்சத்தையும் தெரிந்தவர்தான் நன்றாகச் செய்கிறார்.


ஓரப்பத்தி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மாலைப்பதிப்பு சார், அந்தப் பெஞ்சு பத்தியை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். என் நிருபர் வாழ்க்கை முடிந்துபோன ஒன்று என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஒரு சந்தேகம். அங்கே எனக்கு முதலில் தரப்போவது எல்இடி சுவருக்கான வேலை என்று சொல்கிறார்கள். தேர்தல் வேலையின்போது என் கணினியில் நன்றாக இருந்த நிறம் ஒளிபரப்பில் நீலமாக வந்தது, மெல்லிய கோடுகள் எல்லாம் நெளிந்தன. யாரும் காரணம் சொல்லவில்லை, அவசரத்தில் கோடுகளைத் தடிமனாக்கிச் சமாளித்தோம். அது ஏன்?


மாலைப்பதிப்பு எழுதியது:

இரண்டும் வேறு வேறு காரணம்.

நீலம் ஏன் என்றால், கேமரா எந்த வெளிச்சத்தை வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது என்பதுதான். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் ஏற ஏற நீலம் கூடும். பழைய டங்ஸ்டன் விளக்கு 3200 கெல்வின், பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5600. ஸ்டுடியோ விளக்கு 3200-க்கு இருந்து கேமராவையும் அதற்கே சரிசெய்திருந்தால், 6500 பக்கம் ஒளிரும் எல்இடி சுவர் நீலமாகத்தான் தெரியும். சுவரின் வெண்மையை விளக்கோடு ஒத்துப்போகும்படி இறக்க வேண்டும். கூடவே சுவரின் பிரகாசத்தையும் குறைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆங்கரின் முகம் அதன் முன்னால் மங்கிவிடும். வலையில் எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 மாறுபாடு வேண்டும் என்று அணுகல்தன்மை விதி வைத்திருக்கிறோம் அல்லவா, செட்டில் அந்த எழுத்தின் இடத்தில் மனித முகம் இருக்கிறது. எல்லா நிறத் தோலும் அதன் முன்னால் உட்காரும். அதை மனதில் வைத்துப் பின்னணியைத் தேர்ந்தெடுப்பது மரியாதையான வேலை, நிறைய இடங்களில் இன்னும் செய்வதில்லை.

கோடு நெளிவது மோயரே. எல்இடி சுவரில் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன, கேமரா சென்சாரிலும் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன, இரண்டு வரிசையும் ஒன்றின் மேல் ஒன்று விழும்போது இல்லாத அலை தெரிகிறது. நெருக்கக் கோடு போட்ட சட்டையிலும் இதே தொல்லை வரும். கோடுகளைத் தடிமனாக்கியது சரியான வழிதான். ஆனால் கோட்டில் மட்டும் இல்லை, சுவரின் புள்ளிகளாலேயே அலை வந்தால் கேமராவைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும், அல்லது ஃபோகஸ் ஆளின் மேல் இருந்து சுவர் லேசாக மங்கும்படி ஆளை முன்னால் கொண்டுவர வேண்டும். அதாவது மேசைக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்பதைத் தரைப்படம் போடும்போதே முடிவு செய்ய வேண்டும். பலகைக்காரன் அண்ணன் தரைப்படத்தை முதலில் சொன்னதற்கு இதுவும் காரணம்.

எழுத்து வைக்கும் இடம் பற்றியும் ஒன்று. 16:9 படத்துக்கு ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரை, எழுத்துகளை ஒவ்வோர் ஓரத்திலிருந்தும் 5% உள்ளே வைப்பது. பழைய 4:3 காலத்தில் இன்னும் அதிகம் விடுவார்கள். இப்போது அதே நிகழ்ச்சியைக் கைபேசிக்கு நெடுக்காக வெட்டிப் போடுகிறார்கள், அதனால் நடு மூன்றில் ஒரு பங்கு தனியாக நின்றாலும் அர்த்தம் தர வேண்டும். நீங்கள் பத்தி பத்தியாகப் பக்கம் கட்டியவர், இது உங்களுக்குச் சீக்கிரம் வரும்.


கட்டம்16 எழுதியது:

இதெல்லாம் எனக்குத் தெரியாது, குறித்துக்கொண்டேன். அப்படியானால் நிறத்தைத் திரையில் பார்த்து முடிவு செய்வதே வீணா?


பலகைக்காரன் எழுதியது:

வீணில்லை, கடைசி முடிவு அங்கே இல்லை, அவ்வளவுதான். பெயிண்ட் பூசிய பலகைத் துண்டை அந்த ஸ்டுடியோ விளக்கிலேயே அந்தக் கேமரா முன்னால் வைத்து மானிட்டரில் பாருங்கள். கறுப்பு வெள்ளைக் காலத்திலேயே இதைச் செய்தார்கள். 1951-ல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடருக்கு ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட். மூன்று கேமரா ஒரே நேரத்தில் ஓடும், ஷாட்டுக்கு ஷாட் விளக்கை மாற்ற முடியாது, அதனால் மேலிருந்து ஒரே சீராக வெளிச்சம் அடித்தார். வெளிச்சம் சீரானதும் இருட்டும் வெளிச்சமும் காட்டும் வேலை செட்டின் மேல் வந்து விழுந்தது, சுவர்களுக்குச் சாம்பலின் வெவ்வேறு அளவுகளில் பெயிண்ட் அடித்தார்கள். நேரில் பார்த்தால் உயிரே இல்லாத அறை, கேமராவில் சரியாக இருக்கும். செட்டின் நிறத்தைக் கண்ணுக்காக இல்லாமல் லென்ஸுக்காகத் தேர்ந்தெடுக்கிறோம்.


ஓரப்பத்தி எழுதியது:

தெளிவாகிவிட்டது. வேலையை ஏற்கிறேன் என்று கடிதம் எழுதிவிட்டேன். ஒன்று மட்டும் பாக்கி, மூன்றையும் ஒரே பயோடேட்டாவில் எப்படிச் சொல்வது? இந்த இடத்தில் சிக்கல் இல்லை, அடுத்த இடத்துக்குப் போகும்போது கேட்பார்கள்.


மாலைப்பதிப்பு எழுதியது:

தொழில்களின் பெயரை வரிசையாகப் போடாதீர்கள். மூன்று வேலையிலும் நீங்கள் செய்தது ஒன்றுதான்: நேரம் முடிவதற்குள், குறிப்பிட்ட பரப்புக்குள், பார்ப்பவரின் கண் முதலில் எங்கே போக வேண்டும் என்று தீர்மானித்தீர்கள். ஒவ்வொரு வேலையிலிருந்தும் ஒரே ஒரு எடுத்துக்காட்டு எடுத்து, என்ன கட்டுப்பாடு இருந்தது, என்ன முடிவெடுத்தீர்கள், ஏன் என்று நாலு வரி எழுதுங்கள். தொழில் மாறியதை மறைக்க வேண்டியதில்லை. ரிட்லி ஸ்காட் இலண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் கிராஃபிக் டிசைன் படித்துவிட்டு பிபிசியில் செட் டிசைனராகச் சேர்ந்தவர், இயக்கத்துக்குப் போனது அப்புறம். அவரை யாரும் நிலையில்லாதவர் என்று சொல்வதில்லை.

இதைவிட முக்கியம், செய்த வேலைக்குச் சாட்சி சேர்த்து வைப்பது. நாளிதழ் எங்காவது நூலகத்தில் பைண்ட் செய்து இருக்கும், தேடினால் கிடைக்கும். இணையதளம் அப்படி இல்லை. இலவசமாகப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009-ல் மூடியபோது எத்தனையோ பேரின் முதல் பக்கங்கள் அதோடு போயின. ஃபிளாஷ் என்ற அசைபட மென்பொருளில் செய்தது 2020 முடிவோடு பிரவுசர்களில் நேரடியாக ஓடாமல் நின்றுவிட்டது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் உங்கள் பழைய தளங்களைத் தேடிப் பாருங்கள், எழுத்து இருக்கும், படங்கள் பாதி உடைந்திருக்கும், கிடைத்ததை இப்போதே படமாக எடுத்து வையுங்கள். செட் இன்னும் மோசம், கழற்றிய அன்றே பலகை வேறு செட்டுக்குப் போய்விடும். ஒளிபரப்பான காட்சியிலிருந்து ஒரு படம், விளக்குப் போட்ட நிலையில் வைட் ஷாட் ஒன்று, தரைப்படத்தின் ஒரு பிரதி, அட்டை மாடலின் படம், இவ்வளவும் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு அந்தந்த வாரமே எடுத்துக்கொள்ளுங்கள். குழுவில் யார் என்ன செய்தார் என்பதையும் பெயரோடு எழுதுங்கள். செட் ஒரு ஆள் வேலை இல்லை, எல்லாம் நானே என்று எழுதுபவரை இந்தத் துறையில் இரண்டாவது முறை கூப்பிட மாட்டார்கள்.


பலகைக்காரன் எழுதியது:

பெயர் எழுதும்போது பெயிண்டரையும் சேர்த்து எழுதுங்கள், எப்போதும் விட்டுப்போவது அவர்தான்.

முதல் நாள் போகும்போது சொந்தமாக ஒரு அளவு டேப் கொண்டுபோங்கள், குறைந்தது 8 மீட்டர். சரக்கு உள்ளே வரும் கதவின் அகலம், உயரம், அதற்கு முன்னாலுள்ள நடைபாதையின் திருப்பம், லிஃப்ட் இருந்தால் அதன் உள் அளவு, கிரிட் உயரம், இவற்றை நீங்களே எடுத்து எழுதிவையுங்கள். கட்டட வரைபடத்தில் இருக்கும் அளவை நம்பாதீர்கள், பிற்பாடு குழாயும் ஏசி டக்டும் போட்டிருப்பார்கள். அதை எடுத்துவிட்டு இங்கே வாருங்கள், ஃபிளாட் அகலம் எவ்வளவு வைக்கலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போடலாம்.